நடுக்கடலில் கோடு போட்டால் கரைக்கு வருவது யார்?

அத்தானின் படகு முப்பத்தொரு நாள் கழித்து திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பிய காலையில் நானும் அங்கே நின்றேன். ஐஸ் அறையின் மூடியைத் தூக்கினார்கள். மேலே கிடந்த கெலவல்லாக்கள் (மஞ்சட்சூரை மீன்கள்) கண் தெளிந்து, தோல் மினுங்க இருந்தன. கீழே போகப் போகக் கதை வேறு. முதல் வாரத்தில் பிடித்தவை அடியில். ஐஸ் கரைந்து, மேல் மீனின் பாரத்தில் வயிறு நசிந்து கிடந்தன. வாங்க வந்தவர் ஒரு மீனின் வாலடியில் சின்னதாகக் கீறி, சதையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலையா, தூண்டிலா?" என்று முதலில் கேட்டதோடு சரி, பிறகு விலையை மட்டும் சொன்னார். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்குத்தான் தம்பி இவ்வளவு தூரம் போறது."

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கபினுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஜி.பி.எஸ். திரையைக் காட்டினார். கரையிலிருந்து 200 கடல் மைலில் ஒரு கோடு. அதற்கு வெளியே அவர் வலை விட்ட இடங்கள் புள்ளி புள்ளியாக. "கோட்டுக்கு இங்கால எங்கட கடல். அங்கால ஆருக்கும் சொந்தமில்லை" என்றார். இனி அங்கேயும் கோடு போடலாம், அதற்கென்றே உலக உடன்படிக்கை ஒன்று வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அத்தான் கோபப்படவில்லை. திரையை அணைத்துவிட்டு, "சரி, அங்கயும் போகாதே எண்டால் நாங்கள் எங்க போறது? கரைக்குத்தானே வரவேணும்" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே அளவுகோலாக வைத்திருக்கிறேன். சர்வதேசக் கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதி தேவையா என்று நான் கேட்கவில்லை, தேவைதான். அதை எந்த வழியாகக் கேட்பது என்பதே பிரச்சினை. வழிகள் நாலு. நாலுக்கும் திருகோணமலைக் கரையில் நாலு விதமான விளைவு.

முதலில், மாறியது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாட்டு எல்லைகளுக்கு அப்பாலுள்ள கடலின் உயிர்ப்பன்மை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2023 ஜூன் 19 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 60 நாடுகள் உறுதிப்படுத்தினால்தான் நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை. அந்த எண்ணிக்கை 2025 செப்டம்பரில் நிறைந்தது. இலங்கையும் அதே மாதத்தில் இணைந்துகொண்டது. 2026 ஜனவரி 17 முதல் உடன்படிக்கை அமுலில் இருக்கிறது. உலகக் கடல்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு யாருடைய எல்லைக்குள்ளும் வராது. அதில் இதுவரை பாதுகாக்கப்பட்டது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். 2030-க்குள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதாக 2022 டிசம்பரில் குன்மிங்-மொன்றியல் தீர்மானத்தில் நாடுகள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. சர்வதேசக் கடலைத் தொடாமல் அந்தக் கணக்கு நிறையாது. ஆகவே அடுத்த சில வருடங்களில் வரைபடத்தில் நிறையக் கோடுகள் விழும். அதில் ஒன்று நமக்கு முன்னாலும் விழலாம்.

வங்காள விரிகுடா நாலு பக்கமும் நாடுகள் அடைத்த கடல், இதில் சர்வதேசக் கடல் எங்கே என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டால் தெரியும். திருகோணமலையிலிருந்து நேர் கிழக்கே நிக்கோபார் தீவுகள் சுமார் 1,200 கிலோமீட்டருக்கு மேல். 200 கடல் மைல் என்றால் 370 கிலோமீட்டர். நம் பக்கம் ஒரு 370, இந்தியாவுக்குச் சொந்தமான நிக்கோபார் பக்கம் ஒரு 370 கழித்தால், நடுவில் மிச்சம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அத்தானின் புள்ளிகள் விழுந்திருந்தது இந்தப் பட்டையின் மேற்கு ஓரத்தில்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. வங்காள விரிகுடாவில் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே பிராணவாயு மிகக் குறைந்த ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. சூரை போன்ற வேகமான மீன்களுக்கு நிறைய மூச்சு வேண்டும். அவை அதற்கு மேலுள்ள தண்ணீரிலேயே அதிகம் திரியும். சூரை திரியும் அதே மேல்தண்ணீரில்தான் டால்பினும் ஆமையும் சுறாவும். இரவில் அங்கே செவுள் வலையை மிதக்க விட்டால் வலை ஆள் பார்த்துப் பிடிக்காது. இந்தியப் பெருங்கடலின் சூரை வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 இலட்சம் டால்பின் போன்ற சிறு கடற்பாலூட்டிகள் சிக்கியிருக்கலாம் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பங்குள்ள முன்னணி நாடுகளின் வரிசையில் இலங்கையும் இருக்கிறது. இதை மறைத்துக்கொண்டு "வெளிநாட்டுக் கப்பல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பெரிய பூட்டு

முதல் வழி, புதிய உடன்படிக்கையின் கீழ் அந்த 500 கிலோமீட்டர் பட்டையையே, அல்லது அதில் பெரிய துண்டொன்றை, மீன்பிடி அறவே இல்லாத பகுதியாக முன்மொழிவது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சுற்றாடல் அமைப்புகளுக்கும் பிடிக்கும், பத்திரிகைக்கும் நல்ல தலைப்பு.

நடைமுறை இப்படி. ஒரு நாடோ பல நாடுகள் சேர்ந்தோ முன்மொழிவைக் கொடுக்கலாம். அது பகிரங்கமாக வெளியிடப்பட்டு, அயல்நாடுகள், மீன்பிடி அமைப்புகள், கரையோர மக்கள் எல்லாரிடமும் கருத்துக் கேட்கப்படும். விஞ்ஞானக் குழு பார்க்கும். கடைசியில் உறுப்பு நாடுகளின் மாநாடு முடிவெடுக்கும். ஒருமித்த கருத்துக்கு முயல வேண்டும். அது முடியாவிட்டால் வாக்களிப்பவர்களில் நாலில் மூன்று பங்கு போதும். பிடிக்காத நாடு 120 நாட்களுக்குள் காரணம் காட்டி ஆட்சேபிக்கலாம், ஆனால் ஏற்கத்தக்க காரணங்கள் சிலதான். "எனக்கு விருப்பமில்லை" என்பது அதில் இல்லை.

இதன் பலம் அந்த வாக்கெடுப்பு. அந்தாட்டிக்காவின் கடல்வளத்தைக் கவனிக்கும் ஆணைக்குழுவில் அது கிடையாது. எல்லாரும் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். ரோஸ் கடலில் 15.5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பகுதியை 2016-ல் ஒப்புக்கொள்ள வைக்க வருடக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. அதுவும் 35 வருடக் கெடுவோடு. கிழக்கு அந்தாட்டிக்காவுக்கான முன்மொழிவு சீனாவும் ரஷ்யாவும் இணங்காததால் வருடா வருடம் கிடப்பில். நாலில் மூன்று என்ற விதி இருந்திருந்தால் அது எப்போதோ நிறைவேறியிருக்கும்.

பலவீனமும் சின்னதல்ல. ஏற்கெனவே ஒரு கடலில் மீன்பிடியைக் கவனிக்கும் அமைப்பு இருந்தால் அதன் அதிகாரத்தைக் குலைக்கக் கூடாது என்று உடன்படிக்கையே சொல்கிறது. இந்தியப் பெருங்கடலின் சூரைக்கு அப்படியொரு ஆணைக்குழு இருக்கிறது, அடுத்ததாக அதற்கு வருகிறேன். ஆக, பூட்டை இந்த மாநாடு தொங்கவிடலாம். மீன்பிடிக்கான திறப்பு இன்னொருவர் மடியில். காவலும் இல்லை. சர்வதேசக் கடலில் ஒரு படகைத் தண்டிப்பது அந்தப் படகின் கொடிக்குரிய நாடுதான். உடன்படிக்கையில் சேராத நாட்டின் படகை இந்தக் கோடு தொடவே தொடாது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. கையெழுத்து வேறு, உறுதிப்படுத்துவது வேறு.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. கடலின் அடித்தரை. வங்காள விரிகுடாவின் தெற்கே வண்டல் மிகத் தடிப்பாகப் படிந்திருப்பதால், கண்டத்திட்டின் (நிலம் கடலுக்கடியில் நீளும் பகுதியின்) எல்லையை அளக்க இலங்கைக்கென்று ஒரு தனி முறை கடற்சட்ட மாநாட்டின் இறுதி ஆவணத்திலேயே இருக்கிறது. (அந்த மாநாட்டுக்கு 1980-ல் இறக்கும் வரை தலைமை வகித்தவர் நம் நாட்டு இராஜதந்திரி ஷெர்லி அமரசிங்க. பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர்.) அந்த முறைப்படி 200 கடல் மைலுக்கு வெகு அப்பால் வரை கடலடி நமக்குரியது என்று இலங்கை 2009 மே மாதம் ஐ.நா. ஆணைக்குழுவிடம் கோரிக்கை கொடுத்தது. அயல்நாடுகளுக்கும் விரிகுடாவில் அதேபோன்ற கோரிக்கைகள் உண்டு. தண்ணீர் எல்லாருக்கும் பொது, அடியிலுள்ள மண் நாளைக்கு யாருக்கோ. மேலே பாதுகாக்கப்பட்ட பகுதி, கீழே யாரோ கனிமம் தோண்டுகிறார்கள் என்று வந்தால் என்ன செய்வது? முன்மொழிவு எழுதும்போதே இதற்குப் பதில் எழுதிவைக்க வேண்டும்.

அத்தானின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். ரோஸ் கடலின் ஓரத்தில் ஊர் இல்லை, மீனவர் தங்கும் வாடி இல்லை, அங்கிருந்து துரத்தப்பட்ட கப்பல் பென்குவின்களின் வீட்டு வாசலில் வந்து வலை போடாது. இங்கே கொட்பேயிலிருந்து கிளம்பும் பலநாள் படகுக்கு வெளியே இடம் இல்லையென்றால் அது 200 மைலுக்குள் வரும். உள்ளே இருக்கிற படகு இன்னும் உள்ளே வரும். கடைசியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக்கு முன்னால் பதினெட்டு அடி பைபர் படகில் போகிறவனோடு மோதும். சுருக்குவலைக்காரருக்கும் சிறுதொழிலாளருக்கும் இந்தக் கரையில் எத்தனை தடவை கைகலப்பு வந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாததா? கச்சான் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி போடுகிறவர்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்காமல் போட்ட பூட்டுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுகள் ஒரு பாடம். அது சர்வதேசக் கடல் அல்ல. தீவுகளைச் சுற்றி 2010-ல் பிரிட்டன் சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டரை மீன்பிடி அற்ற பகுதியாக அறிவித்தது. அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரிய மொரீசியஸின் உரிமைகளை மதித்து ஆலோசிக்கவில்லை என்பதால் அது கடற்சட்டத்துக்கு முரண் என்று 2015-ல் நடுவர் மன்றம் சொன்னது. இதற்கிடையில் அங்கே பிடிபட்ட படகுகளில் இலங்கைப் பலநாள் படகுகள் நிறைய. தண்டம், படகு பறிமுதல், வீட்டில் அழுகை. கரையில் இருந்த பெண்களுக்கு அந்தக் கோடு எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது.

சூரைக்காரரின் மேசை

இரண்டாவது வழி, இந்தியப் பெருங்கடல் சூரை ஆணைக்குழு. சீஷெல்ஸில் தலைமையகம், 1996 முதல் இயங்குகிறது, இலங்கை உறுப்பினர். மீன்பிடிக்கான திறப்பு இன்னொருவர் மடியில் என்று மேலே சொன்னேனே, இவர்கள் மடியில்தான். இங்கே முடிவெடுத்தால் நம் படகை மட்டுமல்ல, தூர நாடுகளிலிருந்து வரும் பெரிய நீள்தூண்டில் (நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டில்) கப்பல்களையும், மேற்கே சுற்றுவலை போடும் ஐரோப்பியக் கப்பல்களையும் கட்டும். கெலவல்லா இந்தியப் பெருங்கடல் முழுவதற்கும் ஒரே இருப்பாகத்தான் கணக்கிடப்படுகிறது. சோமாலியாவுக்கு முன்னால் அள்ளினால் அத்தானின் வலையில் குறையும்.

ஆனால் இந்த மேசைக்கு வந்து போனவர்கள் எல்லாரும் ஒரே குறை சொல்வார்கள்: மெதுவாக நகரும், பிடிக்காதவர் எழுந்து போகலாம். மூன்றில் இரண்டு வாக்கில் தீர்மானம் நிறைவேறும். ஆட்சேபித்த நாட்டை அது கட்டாது. 2023-ல் மிதவை வைத்து மீன் கூட்டிப் பிடிப்பதற்குச் சில மாதத் தடை கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல நாடுகள் ஆட்சேபம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. வாக்கில் வென்று கடலில் தோற்ற கதை.

அதைவிடப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது, நமக்கு அதுதான் முக்கியம். 2011, 2012-ல் சோமாலியாவுக்கு அப்பால் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகை வடக்கு வரையான ஒரு சதுரத்தை, சுற்றுவலைக்கு ஒரு மாதமும் நீள்தூண்டிலுக்கு ஒரு மாதமும் மூடினார்கள். கப்பல்கள் என்ன செய்தன? பக்கத்துச் சதுரத்துக்கு நகர்ந்தன. சூரை இருப்புக்குப் பெரிய பயன் இல்லை என்று ஆணைக்குழுவின் விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள். அத்தான் கபினில் நின்று கேட்டது இதைத்தான், அவர் அந்த அறிக்கையைப் படித்திருக்கப் போவதில்லை.

ஆகவே இங்கே "இந்த இடத்தை மூடு" என்று கேட்பதைவிட "இந்த வலையை நிறுத்து" என்று கேட்பது பலன் தரும். அதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மிதவை வலைகள் சர்வதேசக் கடலில் கூடாது என்ற விதியை, 2022 முதல் நாட்டுக் கடல் எல்லைகளுக்குள்ளும் பொருந்தும்படி ஆக்கினார்கள். நீளவால் (திரெஷர்) சுறாவுக்கும் வெண்முனைச் சுறாவுக்கும் தனித் தடைகள் இருக்கின்றன. மீன் எங்கே போனாலும் வலை பற்றிய விதி அதோடு போகும். கோடு அப்படிப் போகாது.

குறை என்னவென்றால், இந்த மேசையில் சூரையைப் பற்றியும் சூரையோடு சிக்குவதைப் பற்றியும்தான் பேசலாம். கனிமம், கப்பல் கழிவு, இரைச்சல், நாளைக்கு யாராவது நுண்பாசி வளர்க்கவென்று கடலில் இரும்புத்தூள் கொட்டிப் பரிசோதனை செய்தால் அது எல்லாம் இவர்கள் வேலையல்ல.

அயலவர் ஒப்பந்தம்

மூன்றாவது வழியில் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. இந்தியா, பங்களாதேஷ், மியன்மார், இலங்கை நாலும் சேர்ந்து தமக்குள் ஒரு பிராந்திய ஒப்பந்தம் செய்யலாம். மத்தியதரைக் கடலில் பிரான்ஸ், இத்தாலி, மொனாக்கோ மூன்றும் 1999-ல் கையெழுத்திட்டு, 2002-ல் 87,500 சதுர கிலோமீட்டரைக் கடற்பாலூட்டிகளுக்கான சரணாலயமாக்கின. வடகிழக்கு அத்திலாந்திக்கில் 2010-ல் சர்வதேசக் கடலில் ஆறு பகுதிகளைப் பாதுகாத்தார்கள். அங்கே சுற்றாடல் அமைப்புக்கு மீன்பிடியில் கை வைக்க அதிகாரம் இல்லை, மீன்பிடி அமைப்புக்கு மற்றதில் அதிகாரம் இல்லை. 2014-ல் இரண்டும் ஒரு கூட்டு ஏற்பாட்டுக்கு வந்தன. இந்த இரட்டை மேசை முறையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

அயலவர் ஒப்பந்தத்துக்கு இங்கே என்ன தடை? எல்லைக்கோட்டுக்காகவே பங்களாதேஷும் மியன்மாரும், பிறகு பங்களாதேஷும் இந்தியாவும் சர்வதேச மன்றங்களுக்குப் போய் 2012-லும் 2014-லும் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. பாக்கு நீரிணையில் இழுவைமடிப் பிரச்சினையைப் பேசிப் பேசி ஒரு தலைமுறையே நரைத்துவிட்டது. 2017-ல் இலங்கை சட்டமே போட்டும் தீரவில்லை. அந்தச் சின்ன நீரிணையில் ஒத்துப்போக முடியாதவர்கள் 500 கிலோமீட்டரில் ஒத்துப்போவார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒத்துப்போனாலும் அது கையெழுத்திட்டவரை மட்டும் கட்டும். நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, தைவானின் நீள்தூண்டில் கப்பல் நிதானமாக வேலை செய்யும்.

ஆமைகளுக்கு மட்டும் இந்த வழியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒடிசாவின் கரையில் கூட்டங்கூட்டமாக முட்டையிடும் பங்குனி ஆமைகளில் சில செய்மதிப் பட்டியோடு இலங்கைக் கடல் வரை வந்திருக்கின்றன. இரண்டு நாடுகள் பேசினாலே போதும் என்ற அளவு சின்னதாக ஒன்றைத் தொடங்க அதுவே நல்ல இடம்.

முதலில் நம் வாசல்

நாலாவது வழியைச் சொல்பவர்கள் கேட்பது இது: நடுக்கடலை விடுங்கள், வாசலையே கூட்டவில்லையே?

நியாயமான கேள்விதான். திருகோணமலையின் கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாயிலிலேயே ஆழத்துக்கு இறங்குகிறது. கோணேசர் மலையில் நின்று பார்த்தால் அமைதியாகத் தெரியும் அந்த நீலத்துக்கு அடியில் மலைச்சரிவு மாதிரி இறக்கம். அதனால்தான் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இவ்வளவு கிட்ட வருகின்றன. 1980-களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இங்கேதான் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். 2015-ல் கொழும்பில் நடந்த ஒரு சர்வதேசப் பட்டறை, இந்தப் பள்ளத்தாக்கை உயிரியல் முக்கியத்துவம் வாய்ந்த கடற்பகுதி என்று விவரித்தது. பெயர் கிடைத்தது, சட்ட வலு கிடைக்கவில்லை. இந்தியப் பெருங்கடல் முழுவதும் திமிங்கிலச் சரணாலயம் என்று 1979-லேயே அறிவித்தாயிற்று. அது வணிக வேட்டையை நிறுத்தியது, வலையையும் கப்பலின் மூக்கையும் நிறுத்தவில்லை.

பள்ளத்தாக்கு நம் எல்லைக்குள். வாக்கெடுப்பு வேண்டாம், 120 நாள் ஆட்சேபம் வேண்டாம். வர்த்தமானி அறிவித்தல் ஒன்று போதும். ஆனால் வர்த்தமானி மட்டும் போதுமா என்பதற்குப் புறாத்தீவைப் பார்க்கலாம். 2003 முதல் தேசியப் பூங்கா. நிலாவெளியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடப் படகுப் பயணம். முழங்கால் தண்ணீரில் பவளப்பாறை மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை ஒருவரிடம் சொன்னேன். "கல்லுத்தானே அண்ணா" என்றார். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இப்படி என்றால், கரையிலிருந்து 400 கிலோமீட்டரில்?

இந்த வாதம் எனக்குப் பாதிதான் ஒத்துவருகிறது. வாசலைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திமிங்கிலமும் ஆமையும் கெலவல்லாவும் வாசலில் குடியிருப்பவை அல்ல. அவற்றுக்கு 200 கடல் மைல் என்றால் ஒன்றுமில்லை. வெளியே நடப்பதற்கு நாம் பேசாவிட்டால் வேறு யாரோ பேசி முடித்துவிட்டு நம்மிடம் வரைபடத்தை நீட்டுவார்கள். சாகோஸில் அதுதான் நடந்தது.

நான் எந்தப் பக்கம்

நாலையும் ஒரே தராசில் போட்டு நம்பர் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. யாரை நிறுத்தும், யாரைக் கரைக்குத் தள்ளும், யார் பார்ப்பார்கள் என்ற மூன்றையும்தான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன்.

மூன்றில் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு நம் கையிலேயே அனுபவம் இருக்கிறது. சர்வதேசக் கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016-ல் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில்தான் பலநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புப் பெட்டி, பதிவுப் புத்தகம், புறப்பாட்டுச் சோதனை என்று எல்லாம் மளமளவென்று வந்தன. எந்த நாட்டுக் கடற்படையும் நடுக்கடலுக்குப் போய் இதைச் செய்யவில்லை. சந்தை செய்தது. இன்று அத்தானின் படகு எங்கே நிற்கிறது என்று கரையில் ஒரு திரையில் தெரியும். ஆக, காவல் இல்லை என்று மேலே நான் சொன்னது பாதி உண்மை. பெட்டியும் சந்தையும் இருக்கிற படகுக்குக் காவல் இருக்கிறது. அந்தப் பெட்டி இல்லாத படகுக்குத்தான் இல்லை.

ஆகவே நான் கேட்பது இரட்டை மேசை. அத்திலாந்திக்காரர் செய்தது மாதிரி.

சூரை ஆணைக்குழுவின் மேசையில், வங்காள விரிகுடாவின் சர்வதேசக் கடலில் மிதவைச் செவுள் வலையைச் சில வருடங்களில் படிப்படியாக நிறுத்தக் கேட்பது. எல்லாக் கொடிக்கும், நம் கொடி உட்பட. அதே நேரம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான முன்மொழிவைப் புதிய உடன்படிக்கையின் கீழ் எழுதுவது. ஆனால் பெரிய பூட்டாக அல்ல: வலை கூடாது, தூண்டில் போடலாம், கடலடிக் கனிமத்துக்குத் தடை, அங்கே செய்யப்போகும் வேறெந்த வேலைக்கும் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம். புதிய உடன்படிக்கை எல்லாத் துறைக்கும் கை நீட்டக்கூடியது என்பதுதான் அதன் உண்மையான பலம், மீனுக்கு அதை நம்புவதில் அர்த்தமில்லை. முன்மொழிவை இலங்கை தனியாகக் கொடுக்காமல் மாலைதீவையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்தால் எடை கூடும். தூண்டிலால் சூரை பிடிப்பதை ஊர்ப் பெருமையாகவே வைத்திருக்கிறவர்கள் அவர்கள்.

தூண்டிலுக்கு ஏன் விதிவிலக்கு? பலநாள் படகுக்கு வெளியே ஒரு வேலை மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. தூண்டிலிலும் சுறாவும் ஆமையும் மாட்டத்தான் செய்யும், சுத்தமான வழி என்று ஒன்று கடலில் இல்லை. ஆனால் தூண்டிலில் மாட்டிய ஆமையை உயிரோடு விட வாய்ப்பு உண்டு. இரவு முழுக்க வலையில் கிடந்தது மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்திருக்கும். தூண்டில் கெலவல்லாவுக்கு விலையும் அதிகம். வாலடியில் கீறிப் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வியே "வலையா, தூண்டிலா?" என்பதுதான்.

இங்கேதான் காசு வருகிறது. வலையிலிருந்து தூண்டிலுக்கு மாற இழுக்கும் இயந்திரம், கயிறு, இரை, இரையைக் குளிராக வைக்க இடம், எல்லாம் வேண்டும். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி அதைக் கடனில் போட்டால் கடைசியில் அது பங்கு பிரிக்கும்போது அத்தான் மாதிரி ஆட்களின் தலையில் விழும். மாற்றத்துக்கான செலவு முன்மொழிவின் உள்ளேயே இல்லையென்றால் நான் அதற்குக் கை தூக்க மாட்டேன். வளரும் நாடுகளுக்கு நிதியும் தொழில்நுட்பமும் கொடுப்பதாக உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது. எழுதியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நாலாவது வழியின் பள்ளத்தாக்கு? அதற்கு யாரையும் காத்திருக்கத் தேவையில்லை. திமிங்கிலம் வரும் மாதங்களில் அங்கே வலை இல்லை, கப்பலும் சுற்றுலாப் படகும் வேகம் குறைக்க வேண்டும் என்ற இரண்டு விதியோடு நாளைக்கே தொடங்கலாம். சின்னப் படகுக்காரர் கைத்தூண்டிலோடு போய்வருவதை அதில் தொடக்கூடாது. வெளியே போய் மற்றவர்களிடம் கேட்கும்போது "உங்கள் வாசலில் என்ன செய்தீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். காட்ட ஒன்று வேண்டும்.

உடன்படிக்கை அமுலுக்கு வந்து ஒரு வருடத்துக்குள் முதல் மாநாடு கூட வேண்டும் என்பது விதி. அங்கே முதல் வரிசையில் பேசப்படுபவை சிலிக்கு அப்பாலுள்ள கடலடி மலைத்தொடர்கள், அத்திலாந்திக்கின் சர்காசோ கடல் போன்றவை. வங்காள விரிகுடா பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அதை நான் கெட்டதாக எடுக்கவில்லை. கொட்பேயிலும் குச்சவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் போய், சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து, எந்த மாதத்தில் எந்த இடத்தில் எது சிக்குகிறது என்று கேட்டு எழுத நேரம் இருக்கிறது.

போன கிழமை அத்தான் மறுபடி புறப்பட்டார். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாசித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "கோடு எண்டு எழுதாத. எங்கட மெஷினில அடிக்கிற மாதிரி நம்பரா எழுதித் தா. நாலு மூலைக்கும் நம்பர் இருந்தால், நான் திரையில போட்டு வச்சு, இந்த முறை அதுக்குள்ள என்ன பிடிபடுது எண்டு எழுதிக்கொண்டு வாறன்." நாலு மூலைக்கும் நான் பென்சிலால் போட்ட அகலாங்கு, நெட்டாங்கு எண்களை அவர் திரையில் ஒவ்வொன்றாக அடித்தார். மூன்றாவது மூலையில் நான் ஓர் எண்ணைப் பிழையாக எழுதியிருந்தேன். அந்தமான் கரையில் போய் விழுந்தது. சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணி போலப் படகு கிளம்பியது.